எலிப்பொறியின் துரு வாடை

காலையில் தோட்டத்து எலிப்பொறியை எடுத்துப் பார்த்தேன். தேங்காய்ச் சில்லும் இல்லை, எலியும் இல்லை. கதவு மட்டும் மூடியிருந்தது.

"பக்கத்து வீட்டம்மாதான் தொறந்து விடறாங்க," என்றாள் மனைவி.

விரலில் ஒட்டிய துருவின் வாடை என்னைப் பழைய சூளகிரி வீட்டுக்கு இழுத்துப்போனது. அங்கே பொறி வைக்கும்போது அப்பா அம்மாவிடம் தெலுங்கில்தான் பேசுவார். ஏனென்று கேட்டால் என்னிடம் சொல்வார்: "நம்ம தோட்டத்து எலிக்குத் தமிழ் தெரியும்டா. காதுல விழுந்தா வராது."

எலி வந்து மாட்டும். விடிந்து பார்த்தால் இருக்காது. அப்பாவின் சந்தேகம் பக்கத்து வீட்டு ராமக்கா மேல் விழுந்தது. "அவளுக்குத்தான் தெலுங்கு தெரியும். எங்க வெக்கிறோம்னு கேட்டுட்டு வந்து தொறக்கறா."

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வாளித் தண்ணீரில் எலியை அம்மா முக்குவதைப் பார்க்கச் சகிக்காமல் திறந்துவிட்டது நான். ராமக்கா மகனோடு கோலி ஆடியே தெலுங்கு கற்றிருந்தேன். அப்பா சாகும்வரை நான் சொல்லவில்லை.

இப்போது என் மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அருகே அழைத்து அவள் விரல்களை முகர்ந்தேன். அதே துரு.

"பக்கத்து வீட்டம்மா இல்ல," என்றேன் மனைவியிடம். "நான்தான் தொறந்து விட்டேன்."