கெடு தாண்டிய ஒரு ஜோடிச் செருப்பு

நான் இப்போது போட்டுக்கொண்டு செம்பூர் வக்கீல் ஆபீசுக்கு வேலைக்குப் போய்வரும் தோல் செருப்பு எனக்காகத் தைத்ததல்ல. என் லாத்தாவுக்காக, அதாவது அக்காவுக்காக, மச்சான் தைத்தது. தாராவியில் அவருக்குத் தோல் பட்டறை. கல்யாணமானதிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் பெண்டாட்டிக்குத் தன் கையால் ஒரு ஜோடி தைத்துவிடுவார். அவள் கால் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்ட சில வாரங்களில் லாத்தாவின் கால்கள் மரத்துப்போயின. அபூர்வமாக யாருக்காவது இப்படி ஆவதுண்டு, ஊசியால் இருக்கலாம் என்று நரம்பு டாக்டரே எழுதிக்கொடுத்தார். ஊசி போட்ட இடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். அந்தப் பணம் வந்தால்தான் பிசியோதெரபியைத் தொடர முடியும். மனுவை நானே டைப் செய்து கொண்டுபோனேன். "இனி நடக்க இயலாது" என்ற வரியைப் பார்த்ததும் மச்சான் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து லாத்தாவும் கையெழுத்துப் போடவில்லை.

"இத எடுத்துட்டுப் போ புள்ள. மலக்குமாரு ஆமீன் சொல்லிட்டா யாரு பொறுப்பு?" என்றார் மச்சான்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் அந்த நேரம் கடந்துபோகும் வானவர்கள் ஆமீன் சொல்லிவிடுவார்களாம். எனக்கு எரிச்சலாக வந்தது. "கோர்ட்டுக்குத் தேதிதான் தெரியும் மச்சான், மலக்குமாரைத் தெரியாது" என்று கத்தினேன். "அடுத்த பெருநாளைக்குள்ள நடந்துருவா, பாரேன்" என்றார். சொல்லிச் சொல்லி என் நாக்குத்தான் தேய்ந்தது. கெடு போயே போய்விட்டது.

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள் என்று வக்கீல் ஒரு முயற்சி செய்தார். அவர் காரணம் கேட்டபோது மச்சான் தலை நிமிராமல், "என்னத்தச் சொல்ல சாப், எந்திரிச்சிருவான்னு இருந்துட்டேன்" என்றார். சட்டத்தில் அது காரணமில்லை. மனு தள்ளுபடியானது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண்ணை நிறுத்தினோம். மச்சான்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

இந்தப் பெருநாளுக்கு அவர் செருப்பு தைக்கவில்லை. யாரும் ஏனென்று கேட்கவுமில்லை. பிரியாணி சாப்பிட்டு நான் கிளம்பும்போது, கட்டிலடியில் இருந்த போன வருஷத்து ஜோடியை எடுக்கச் சொன்னாள் லாத்தா. "ஒனக்கும் எனக்கும் ஒரே அளவுதானட்டி, போட்டுட்டுப் போ."

வாசலில் மச்சான் என் காலைப் பார்த்தார். கழற்றச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். குனிந்து வாரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கடிக்குதா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை மச்சான் என்றேன். ஒருநாளும் கால் படாத தோல். இன்னும் கடிக்கத்தான் செய்கிறது.