சுவருக்கு மேல் உயர்த்திய கை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காம்பவுண்டுச் சுவருக்கு அப்பாலிருந்து என்னைக் கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவர். வழக்கமாக அங்கே அக்காவின் குரல்தான் கேட்கும். "தூக்கத்துலயே போயிட்டா தம்பி" என்றார்.

அக்கா தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். சிட்லபாக்கத்தில் நம் தெருக்காரர் எவரும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. முகத்தைப் பார்க்கமாட்டார், நடையைத்தான் பார்ப்பார். "சார், இடுப்பைச் சாய்க்காம நடங்க" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பயந்தே சிலர் ஏரிப் பக்கமாகச் சுற்றிப் போனது தெருக்காரர்களான உங்களுக்கும் தெரியும்.

1960களின் கடைசியில் நான் பாரிமுனையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மின்ரயிலில் சீட்டின் முதுகுப் பலகைமேல் வலது கையைப் போட்டுத் தொங்கவிட்டுத் தூங்குவது என் வழக்கம். ஒரு நாள் கடற்கரை நிலையத்தில் விழித்தபோது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. எவ்வளவு முயன்றும் நிமிரவில்லை. பக்கவாதம் என்றே நினைத்தேன். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அப்படியே வீடு திரும்பி அக்காவிடம் ஓடினேன். வாய் கோணுகிறதா என்று பார்க்க என்னைச் சிரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு, "ரயில்ல எப்படித் தூங்குவீங்க, காட்டுங்க" என்றார். நாற்காலியில் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வாதம் இல்ல தம்பி. மேல்கை எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுது. அதைப் பலகையில வச்சு நசுக்கிட்டீங்க. மணிக்கட்டைத் தூக்குற சதைக்கு அது வழியாத்தான் உத்தரவு போகணும்."

"திரும்பி வருமா அக்கா?"

"பெரும்பாலும் வரும். வர்ற வரைக்கும் எனக்கும் பயம்தான்."

பொய் சொல்லத் தெரியாதவர். அந்தப் பதிலில் என் தூக்கம் போயிற்று.

மர ஸ்கேலை வைத்து மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டினார். என் விரல்களை விரித்துக் காபி டம்ளரைச் சொருகினார். பிடி நின்றது. "டம்ளரைப் பிடிக்கிறது விரல்னு நினைக்கிறோம். மணிக்கட்டு நிமிர்ந்தாத்தான் விரலுக்குப் பலம்" என்றார். அம்மா குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டபோது, "தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா, கட்டை மட்டும் அவுத்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தினமும் காலையில் சுவரருகே வந்து, "கை எழுந்துச்சா?" என்பார். கட்டை அவிழ்த்துச் சுவருக்கு மேல் காட்டுவேன். தொங்கும். "நாளைக்குப் பாப்போம்." லீவு கரைந்துகொண்டே வந்தது. அலுவலகத்திலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே பதறினேன்.

ஒரு நாள் மணிக்கட்டு நூலளவு நிமிர்ந்தது. அக்கா சுவரில் முகத்தைக் கவிழ்த்து அழுதார். அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கை தேறியது, வேலையும் நிலைத்தது. "கை எழுந்துச்சா?" என்ற அக்காவின் காலைக் கேள்வி மட்டும் இத்தனை வருடமும் நிற்கவில்லை. அக்கா எனக்கு விட்டுச்சென்றது இந்தக் கையும், விடிந்ததும் அதைத் தூக்கிப் பார்க்கும் பயமும்தான்.

இன்று காலையும் சுவரருகே போய்த் தூக்கினேன். மறுபக்கம் அக்காவின் கணவர் நின்றிருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல் என் கையையே பார்த்தார்.

"எழுந்துச்சு அண்ணா" என்றேன்.