புகை திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை

பல்கலைக்கழகத்தின் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிக்கு ஆய்வகங்களில் 'சிவப்பு ஸ்டிக்கர்' என்று பெயர். எந்த அறையில் குறை கண்டாலும் கதவில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. பதினேழு வருடங்களில் அவளைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் குறைவு. மூன்றாம் மாடியில் காசநோய்க் கிருமிகளை வளர்க்கும் அறையின் உதவியாளர் மட்டும், "வாங்கக்கா, இன்னிக்கு யார் தலை உருளப்போகுது?" என்று சிரிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உருண்டிருக்க வேண்டியது அந்த அறையின் தலைதான். கிருமிகளைக் கையாளும் கண்ணாடிப் பெட்டியின் வாய்க்கு நேரே அதிகாரி புகைக் குச்சியைப் பிடித்தாள். உள்ளே இழுபட வேண்டிய புகை ஒரு கணம் தயங்கி, அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. பெட்டிக் காற்று வெளியே கசிகிறது.

அறையின் பொறுப்பாளரான பேராசிரியர் ஓடி வந்தார். "பெட்டிக்குப் புது ஃபில்டர் வரப் பத்து நாளாகும் மேடம். இப்ப நிறுத்தினா எட்டு மாச வேலை மண்ணாப் போயிடும். மாஸ்க் போட்டுக்கிட்டுச் செய்யறோம். கெஞ்சிக் கேக்கறேன்."

அதிகாரி உதவியாளரைப் பார்த்தாள்.

"பத்து நாள்தானேக்கா, பாத்துக்கலாம்."

கெட்ட பெயர் வாங்கி வாங்கி அதிகாரி அலுத்துப்போயிருந்தாள். கையில் எடுத்த ஸ்டிக்கரைப் பையில் போட்டுக்கொண்டு, தற்காலிக அனுமதியில் கையெழுத்திட்டாள். பேராசிரியர் முதன்முறையாக அவளுக்குக் காபி வரவழைத்தார்.

ஃபில்டர் சொன்னபடி வந்தது. நான்கு மாதம் கழித்து உதவியாளருக்கு இருமல் வந்தது. அந்த அறையில் வளர்த்த, வழக்கமான மருந்துகளுக்கு மசியாத அதே கிருமி. அவள் உயிர் தப்பியது. ஆனால் மாதக்கணக்கில் போட்ட ஊசி அவள் காதுகளைத் தின்றுவிட்டது.

விசாரணைக் குழுவின் முன்னால் பேராசிரியர் மேசையைப் பார்த்தபடி, "மாஸ்க் சரியாப் போட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

"மாஸ்க் அடுத்த பேச்சு சார்" என்றாள் அதிகாரி. "அந்த அறையை நான் மூடியிருக்கணும். மூடலை."

குழுத் தலைவர் அவளைக் காப்பாற்றப் பார்த்தார். "நெருக்கடியில எடுத்த முடிவுன்னு எழுதிக்கலாமே?"

"நெருக்கடியெல்லாம் இல்லை சார். ஒரு நாளாவது நல்லவளா இருக்கணும்னு தோணிச்சு. அப்படியே எழுதுங்க."

அவளைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பேராசிரியருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். "நீயாப் போய்த் தலையைக் குடுத்துட்டு வந்திருக்கியே" என்று கணவர் கத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவியாளரின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த உதவியாளரின் கணவர், அதிகாரியைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அதிகாரி ஒரு தாளில், 'என்னாலதான்' என்று எழுதி நீட்டினாள்.

உதவியாளர் படித்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கப் பேசினாள்.

"நானும்தான் தலையாட்டினேன். அதுக்காகக் கோபம் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். இப்ப வராதீங்கக்கா. நீங்க வரணும்னு எனக்குத் தோணினா நானே சொல்லி அனுப்பறேன்."

அதிகாரி படியிறங்கினாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. இன்னும் ஆள் வரவில்லை.