ஆடிட்டர் வாசிக்க, நான் டிக் போட்டேன்

1954 ஜூன் மாதம், விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், நாற்பத்திரண்டாவது பெயரைக் கூப்பிடும்போது என் குரல் போயிற்று. கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, எண்ணிக்கை விஷயத்தில் நான் மிகைப்படுத்துகிறவன் அல்ல. நாற்பத்தொன்று வரை குரல் இருந்தது. நாற்பத்திரண்டில் காற்றுதான் வந்தது.

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பதவியின் பெயரில் கணக்கு உண்டு, வேலையில் தொண்டை மட்டுமே உண்டு. காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மலைகளுக்குப் பிரித்தனுப்ப வேண்டும். பிறகு மழையிலும் பனியிலும் நின்று மாலை வரை கத்த வேண்டும். ஒன்பது வருடம் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இனி மெல்லப் பேசலாம், கத்த முடியாது என்றார். தோட்டத்தை நடத்திய துரை நல்லவர், மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதுவரை ஆபீசில் காகிதம் அடுக்கலாம். செப்டம்பர் முடிவில் புதுக் கணக்கப்பிள்ளை வருவார், அவருக்கு எங்கள் வீட்டை விட வேண்டும். வேலையோடு வந்த வீடு, வேலையோடு போகும். விதி அப்படித்தான். அதை லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஆட்களுக்குப் பல தடவை படித்துக் காட்டியவனே நான்தான்.

எனக்கு மனைவி எஸ்தர், இரண்டு பெண் குழந்தைகள். போக வேறு இடமில்லை. தாத்தா காலத்தில் விட்டு வந்த இந்தியா எங்களுக்குத் தெரியாது. இலங்கைப் பிரஜையாகப் பதியச் சொல்லிப் போட்ட மனுவுக்கு, 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் வந்திருந்தது.

மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன். ஜெபத்தையும் அப்படியே செய்தேன். என்ன வேண்டும், ஏன் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் வேண்டும், ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் வேண்டும். எஸ்தர் ஒருநாள் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடியே கேட்டாள்:

"ஏங்க, ஆண்டவருகிட்ட வேல கேக்குறீங்களா, இல்ல அவருக்கே வேல பிரிச்சுக் குடுக்குறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. கத்த முடியாததால் சும்மா இருந்தேன். ஆகஸ்ட் முப்பத்தொன்று வந்தது, போயிற்று. ஜெப மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் குறிப்பிடப்படவில்லை. அன்று நான் ஜெபிக்கவில்லை. அடுத்த நாளும் ஜெபிக்கவில்லை.

ஆபீசில் பழைய கணக்குப் பதிவுப் பாடப் புத்தகம் ஒன்று கிடந்தது. காகிதம் அடுக்கிய நேரம் போக அதைப் படித்தேன். சீனியர் வகுப்பு வரை படித்தவன் என்பதால் புரிந்தது. ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னய்யா, அக்கவுண்டனாகப் போறீரா? டிகிரி எடுத்தவனே கொழும்புல கால் தேய நடக்கிறான். தொண்ட போனவனெல்லாம் கணக்கு எழுத வந்தா, கால் போனவன் தபால் கொண்டு போவானாக்கும்!"

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கொழும்பிலிருந்து ஆடிட்டர் வந்தார். வயதான யாழ்ப்பாணத்துக்காரர். அவரோடு வந்த உதவியாளருக்கு வந்த அன்றே காய்ச்சல். கணக்கு பார்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சம்பளப் பட்டியலை உரக்க வாசிக்க, மற்றவர் செக்ரோலில், அதாவது ஆட்களின் வேலை நாட்களைப் பதியும் புத்தகத்தில், ஒத்துப் பார்த்து டிக் போடுவார். வாசிப்பது உதவியாளர் வேலை. ஆள் கேட்டதும் பெரிய கிளாக்கர் என்னைக் காட்டினார். வேறு யாரையும் வேலையிலிருந்து எழுப்பி அனுப்ப அவருக்கு மனமில்லை.

நான் வாசித்தேன். தகரக் கூரையில் மழை. ஆடிட்டர் காதில் கை வைத்தார்.

"என்ன காணும், சுவாமியாரின்ர காதில சொல்லுற பாவசங்கீர்த்தனமோ? பலத்து வாசியும்!"

பலத்து வாசிக்க முயன்றேன். இருமல் வந்தது. வாசலில் பெரிய கிளாக்கர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்ய இன்னும் பதினேழு நாள். தலை குனிந்து, உதட்டுக்குள், "ஆண்டவரே, என்னால் முடியவில்லை" என்றேன். தேதி போடவில்லை. வழி சொல்லிக் கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் நான் சமர்ப்பித்த மிகக் குறுகிய மனு அதுதான்.

ஆடிட்டர் பேனாவை என் பக்கம் தள்ளினார். பிறகு பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, விடும். நான் வாசிக்கிறன். நீர் டிக் போடும்."

கொழும்பு ஆடிட்டர் வாசிக்க, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சரி பார்த்தான். அப்படி ஒரு நடைமுறை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

மே மாதப் பட்டியலில் "மேல் லயம், மாரியாயி, பத்து நாள்" என்று வாசித்தார். செக்ரோலிலும் பத்து. ஒத்துப் போகிறது. நான் பேனாவைத் தூக்கிவிட்டேன்.

"ஏன் காணும், டிக் போடேல்லை?"

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 'மாரியாயி இரண்டு பேர். இவள் மேல் லயத்துக்காரி. மே மாதம் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். இவள் பெயரை நான் பெரட்டில் கூப்பிடவே இல்லை. இந்த நாட்கள் கீழ் லயத்து மாரியாயியுடையவை.'

ஒன்பது வருடம் தினமும் கத்திய பெயர்கள். யார் எந்த நாள் வந்தாள், யார் வரவில்லை என்பது தொண்டைக்கு மறந்தாலும் எனக்கு மறக்கவில்லை. கீழ் லயத்து மாரியாயியைக் கூப்பிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு நனைந்து வந்தாள்.

"நான் அப்பவே சொன்னேங்க, சம்பளம் கொறையுதுனு. பெரிய கிளாக்கரய்யா, 'ஒனக்கு எண்ணத் தெரியாது, போ'ன்னுட்டாங்க."

அது திருட்டு அல்ல, படியெடுக்கும்போது வந்த பிழைதான். பெரிய கிளாக்கரே சிவப்பு மையால் திருத்தினார். அவர் முகமும் அதே நிறத்தில் இருந்தது என்று எழுதுவது கிறிஸ்தவனுக்கு அழகல்ல.

மூன்று நாள் வேலை முடிந்ததும் ஆடிட்டர் கேட்டார்: "டிகிரி ஏதும் இருக்கோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கும் இல்லை. வேலை செய்துகொண்டே ஒவ்வொரு பரீட்சையா எழுதித்தான் நானும் வந்தனான். அட்டனில எங்கட கிளை ஆபீசுக்கு ஒராள் தேவை. சம்பளம் கொஞ்சம். வாறீரோ?"

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி நியமனக் கடிதம் வந்தது. எஸ்தர் அதை இரண்டு தடவை வாசித்தாள். அடுப்பிலிருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் முழு இரவும் தூங்கினேன். முப்பதாம் தேதி சாவியை முறைப்படி ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு அட்டன் பஸ் ஏறினோம்.

பிறகு எட்டு வருடம் தபால் வழியாகப் படித்தேன். இரண்டு பரீட்சைகளில் தோற்றேன். அதையும் பதிவு செய்ய வேண்டும். கடைசிப் பரீட்சை தேறியபோது மூத்தவள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். அதன் பின் ஓய்வு பெறும்வரை எத்தனையோ தோட்டங்களில் கணக்கு பார்த்தேன். எல்லா இடத்திலும் யாரோ வாசித்தார்கள், நான் டிக் போட்டேன்.

என் குரல் இன்றுவரை திரும்பவில்லை. அதனால்தான் இந்தச் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன், சபைச் செயலாளர் வாசிக்கிறார். முன்பு ஆண்டவருக்கு நடைமுறை சொல்லிக் கொடுத்தவன், இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன். நீங்களும் அப்படிச் சொல்லிப் பாருங்கள். அழகாக ஜெபிக்க வரவில்லையே, சத்தமாக ஜெபிக்க வரவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். அன்றைக்கு நான் சொன்னது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கே கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டது.