ரைஸ் குக்கருக்குள் பேய்கள்

அருள்மலரின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. சாவகச்சேரியில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று மின்சாரம் நின்றுபோனபோது, மேசைமேல் ஏறி ஓட்டக்காரர்களின் பெயர்களைக் கூப்பிட்டது அவள்தான். தொண்ணூற்றொன்றில் நேசராஜாவைக் கட்டி டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கு வந்தாள். மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டி யாரையாவது கூப்பிட வேண்டுமானால் மேற்பார்வையாளர் அவளிடம் வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரல் சபைக்கு உரியது. டேனிஷ்காரரின் தேவாலயத்துப் பின்மண்டபத்தில் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை கூடும். வேதவாசிப்பு அவளுடையது. வேறு யாரும் அதைத் தமக்கென்று கேட்டதில்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு அவள் எதையும் உரத்து வாசிக்கவில்லை.

அவளுடைய தம்பி பேதுரு போரின் கடைசிக் கிழமைகளில் வன்னியில் கடலோரத் துண்டு நிலத்தில் அகப்பட்டிருந்தான். சபை ஆள் மாறி ஆள் இரவு பகலாகச் சங்கிலி ஜெபம் நடத்தியது. காப்பாற்றுவேன் என்று கடவுள் வாக்களிக்கும் பகுதிகளை அருள்மலர் வாசித்தாள். வாசிக்க வாசிக்க மண்டபத்தில் ஆட்களின் முதுகு நிமிர்ந்தது. தங்கள் உறவினரின் பெயர்களை எழுந்து நின்று சொன்னார்கள். அவளும் பேதுருவின் பெயரைச் சொன்னாள். அந்தக் கிழமையே செய்தி வந்தது. தண்ணீர் எடுக்கப் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்த இடத்தில் ஷெல் விழுந்திருந்தது.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றாள். வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது. பிறகு மேரிசெலின் அக்கா எழுந்து, தன் சட்டைக் கழுத்துக்குச் சொல்வதுபோல் வாசித்து முடித்தாள்.

வீட்டில் பேச முடிந்தது, தணிந்த, கரகரத்த குரலில். ஆலையில் கையால் சாடை காட்டினாள். தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் கமெரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் நன்றாக இருக்கின்றன, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்.

அக்டோபரில் பாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சிஸ்டர், அறுவடைப் பண்டிகைக்கு நீங்கள்தான் வாசிக்கவேணும். சபை கேக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சொல் சொல்லுங்கோ.”

“பாப்பம், பாஸ்டர்.”

“பாப்பம் எண்டால் இல்லையெண்டு அர்த்தம். எனக்குத் தெரியும். நானும் யாழ்ப்பாணம்தான்.”

அவள் தொலைபேசியை வைத்தாள்.

அந்த ஆண்டுக் கோடை போராட்ட ஊர்வலங்களிலும் ஊருக்கான தொலைபேசி அழைப்புகளிலும் போய்விட்டது. பிள்ளைகள் கடலைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே இலையுதிர்கால விடுமுறைக்கு நேசராஜா ஒரு கோடை வீட்டை வாடகைக்கு எடுத்தார். எஸ்பியர்க்குக்கு வடக்கே, மணல்மேடுகளுக்கு நடுவே. டேனிஷ்காரர் இந்த விடுமுறையை இன்றைக்கும் உருளைக்கிழங்கு விடுமுறை என்பார்கள். முன்பு பிள்ளைகளைக் கிழங்கு பொறுக்க அனுப்பிய கிழமை அது. இப்போது பிள்ளைகள் மெழுகுதிரி கொளுத்திவைத்துப் பேய்க்கதை படிக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் மூத்தவள் நவோமியிடம் நூலகப் பை ஒன்றைக் கொடுத்தனுப்பியது. உள்ளே நான்கு டேனிஷ் பேய்க்கதைப் புத்தகங்கள். முதலாவது அட்டையில் தலையில்லாத ஒருவன் நின்றான்.

அருள்மலர் அவற்றைக் கண்ட மாலையே ஒளித்துவிட்டாள். வீட்டில் பிசாசின் புத்தகம் இருக்கக் கூடாது. ஆனால் நூலகப் புத்தகத்தை எறியவும் முடியாது. அது அரசாங்கத்தின் சொத்து. சமையலறை அலுமாரிக்கு மேல் ரைஸ் குக்கர் அதன் பெட்டியில் இருந்தது. விடுமுறைக்கு அதைக் கொண்டுபோகத் தேவையில்லை, அங்கே சட்டி இருக்கிறது என்று கணவரிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தாள். புத்தகங்களைக் குக்கருக்குள் வைத்து மூடினாள்.

நேசராஜா சட்டிச் சோற்றை நம்புகிறவர் அல்லர். புறப்பட்ட காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது பெட்டியைக் காருக்குள் ஏற்றி அதன்மேல் போர்வையைப் போட்டார்.

கோடை வீட்டில் முதலில் ஜெபம். புது வீட்டுக்குள் போனால் அறை அறையாக நடந்து ஜெபிப்பது அவர்கள் வழக்கம். எப்போதும் அருள்மலர்தான் முன்னால் நடப்பாள். அன்று நேசராஜா முன்னால் நடந்தார். அவருடைய குரல் மெல்லியது. குளியலறையில் அவர் ஜெபித்தது கூடத்தில் கேட்கவில்லை. இளையவள் கிருபாஷினி அக்காவின் காதில் டேனிஷில் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பை அடக்கினார்கள். அருள்மலர் கடைசியாக, வாய் மூடி, நடந்தாள்.

மதியம் மழை தொடங்கியது. நேசராஜா குற்றவாளிபோல் காரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தார்.

“இதென்னப்பா? வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?”

“சும்மா, பெட்டிக்குள்ள கிடந்தது. அதுக்கும் லீவு வேணும்தானே.”

“திறக்காதேங்கோ!”

திறந்துவிட்டார். தலையில்லாதவன் மேலே பார்த்தபடி கிடந்தான்.

நவோமி பாய்ந்து வந்தாள். “என்ர புத்தகம்! அம்மா, நான் ஒரு கிழமையாத் தேடினன். பள்ளிக்கூடத்தில துலைஞ்சதெண்டு சொல்லி அழுதனான்.”

“ஆர் இதுக்குள்ள வைச்சது?” என்றார் நேசராஜா.

அருள்மலர் வெங்காயத்தை எடுத்துத் தோலுரிக்கத் தொடங்கினாள்.

“பேயை நீர் ஒளிச்சீர். நான் ஏத்தினன். ரெண்டு பேருமாச் சேர்ந்து கூட்டிக்கொண்டு வந்திட்டம்” என்றார் அவர். “இப்ப மழைக்குள்ள வெளியில விடவும் ஏலாது.”

“பகிடி விடாதேங்கோ.”

“சரி, ஒண்டு செய்வம். பிள்ளை உமக்கு முன்னால வாசிக்கட்டும். கூடாததெண்டு கண்டால் நீர் நிப்பாட்டும்.”

அவள் உருளைக்கிழங்கை வெட்டினாள்.

நவோமி சோபாவில் கால்மடித்து இருந்து வாசித்தாள். கதை இதுதான். ஒரு பண்ணை வேலையாள் தலையை இழந்துவிடுகிறான். ஒவ்வோர் இலையுதிர்காலமும் கிழங்கு வயலுக்கு வந்து, மண்ணைக் கிளறி, அகப்படும் ஒவ்வொரு கிழங்கையும் கழுத்தின்மேல் வைத்துப் பார்க்கிறான். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில், பிள்ளைகள் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் விளக்கு அவனுக்குத் தெரிகிறது. கண் இல்லாதவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நேசராஜா கேட்டார். “அப்பா!” என்றாள் நவோமி.

நவோமி பேருந்து நேர அட்டவணையைப் படிப்பதுபோல் படித்தாள். கிருபாஷினி கொட்டாவி விட்டாள்.

“நிப்பாட்டு” என்றாள் அருள்மலர் அடுப்படியிலிருந்து.

“கூடாததோ, அம்மா?”

“கூடாதது கதையில்லை, நீ வாசிக்கிறது. அவன் வாசலுக்கு வந்திட்டான். நீ மூச்சுவிடாமல் ஓடுறாய். கொஞ்சம் நில்லு. தட்டப்போறான் எண்டு தங்கச்சிக்குத் தெரியவேணும், ஆனா எப்ப எண்டு தெரியக்கூடாது.”

நவோமி மறுபடியும் வாசித்தாள். இன்னும் வேகமாக.

“ஐயோ பிள்ளை, இப்பிடி வாசிச்சால் பேயே வீட்டை போயிடும்.”

“அப்ப நீங்கள் வாசியுங்கோ!”

அதைச் சொன்ன பிறகுதான் நவோமிக்கு உறைத்தது. தகப்பனைப் பார்த்தாள். நேசராஜா குக்கரின் மூடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மூடி. மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. கிருபாஷினி மட்டும், எட்டு வயது, ஒன்றும் யோசிக்காமல், புத்தகத்தைப் பறித்துக்கொண்டுபோய்த் தாயின் ஈரக் கையில் வைத்தாள்.

அருள்மலர் பக்கத்தைப் பார்த்தாள். எவரையும் காப்பாற்றுவதாக அதில் எழுதியிருக்கவில்லை. ஒருவன் கிழங்கைக் கழுத்தில் வைக்கிறான். அவ்வளவுதான்.

வாசித்தாள்.

முதல் வரி கரகரத்தது. அவளுடையது வகுப்பில், தாளிலிருந்து கற்ற டேனிஷ். அந்நாட்டவர் விழுங்கிவிடும் எழுத்துகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக உச்சரிப்பாள். கடைகளில் நவோமி இதற்காக இரண்டடி தள்ளி நிற்பாள். இப்போது அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, சேற்றிலிருந்து கால் எடுப்பதுபோல். வேலையாள் வயலைக் கடந்தான். இரண்டாவது பந்தியில் குரல் நெஞ்சுக்கு இறங்கியது. மூன்றாவதில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நவோமி திருத்தவில்லை. அவள் வாய் திறந்திருந்தது.

வேலையாள் வாசற்படியில் நின்றான். அருள்மலரும் நின்றாள். அடுப்பில் கறி கொதிக்கும் சத்தம். அவள் தலையை உயர்த்திப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம், சபையின் கடைசி வாங்கில் இருப்பவருக்கு அனுப்பும் குரலில், அவன் கேட்டதைக் கேட்டாள்.

“என் தலை உள்ளே இருக்கிறதா?”

கிருபாஷினி அலறினாள். நவோமி அலறினாள். நேசராஜா கையிலிருந்த மூடியைப் போட்டார். அது தரையில் உருண்டு சுற்றி விழ, மூவரும் மறுபடி அலறினார்கள்.

உடனே யாரோ கதவை இடித்தார்கள்.

இந்தத் தரம் அருள்மலரும் கத்தினாள்.

பக்கத்து வீட்டுக்காரர், பிரெபென் என்ற வயதான மனிதர், மழைச் சட்டையோடு நின்றார். ஏதேனும் விபத்தா, மருத்துவ வண்டியைக் கூப்பிடவா என்று கேட்டார்.

“இல்லை” என்றாள் அருள்மலர் டேனிஷில். “நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.”

அது அவள் எண்ணியதைவிடப் பெரிதாக வந்தது. பிரெபென் ஓர் அடி பின்வாங்கினார். பிறகு அவளுடைய கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். தன் பேரப்பிள்ளைகள் மூவரும் அங்கே சலித்துப்போய் இருக்கிறார்கள், நாளைக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

அடுத்த நாள் அந்த மூவரும் தலையணைகளோடு வந்தார்கள். நேசராஜா அவர்களுக்கு வடை கொடுத்தார். அருள்மலர் இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கும் நிறுத்தவில்லை. சிறிய பெண் ஒருத்தி பயத்தில் அவளுடைய மடியிலேயே வந்து ஏறினாள். பயமுறுத்துகிறவளிடமே. மூத்த பையன் போகும்போது, இவர் நாடகத்தில் நடிப்பவரா என்று நவோமியிடம் கேட்டான்.

“இல்லை” என்றாள் நவோமி. “என் அம்மா.”

அதற்கு மறுநாள் மழை விட்டதும் கணவனும் மனைவியும் கடலோரம் நடந்தார்கள். காற்றுக்கு எதிராகப் பேச வேண்டியிருந்தது.

“டொக்டருக்குத் தெரியாது” என்றாள் அவள். “நான் வாசிச்சதை எல்லாரும் நம்பிச்சினம், அப்பா. நானும் நம்பினன். பேதுரு போயிட்டான். என்ர குரல் பொய் சொல்லிப்போட்டுது.”

“நீர் வாசிச்சீர். எழுதினது நீர் இல்லை.”

“நம்பவைச்சது நான்தானே.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “முந்தநாள் நீர் வாசிச்சதை ஒருத்தரும் நம்பேல்லை. ஆனாலும் நான் மூடியைப் போட்டிட்டன்.”

அவள் நின்றாள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. சிரித்து முடிய அழுதாள், மே மாதம் அழாததை. அவர் காற்று வரும் பக்கமாக மாறி நின்றார்.

திரும்பும் வழியில், “நம்பவைக்கிறதுக்கு இனி வாசிக்கமாட்டன்” என்றாள். “கேக்கவேண்டியதைக் கேக்கிறதுக்கு வாசிப்பன்.”

வெள்ளிக்கிழமை காலை அவளே பாஸ்டரைக் கூப்பிட்டாள்.

“நான் வாசிக்கிறன், பாஸ்டர்.”

“ஸ்தோத்திரம்! நல்ல அறுவடைப் பகுதி ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன், சிஸ்டர். சின்னது.”

“அது வேண்டாம். பகுதியை நான் எடுக்கிறன்.”

“எதை?”

“ஆண்டவரோட சண்டை பிடிக்கிறது.”

“பண்டிகையில... அழுகைப் பகுதியோ?”

“அழுகை இல்லை, பாஸ்டர். சண்டை. அதுவும் அவற்ற புத்தகத்தில தானே கிடக்கு.”

“நீளமோ?”

“நீளம்தான்.”

ஞாயிறன்று மண்டபத்தின் முன்மேசையில் பூசணியும் கரட்டும் ஆப்பிளும் குவிந்திருந்தன. மீன் ஆலையில் வேலை செய்கிறவர்கள் மீன் டின்களை அடுக்கியிருந்தார்கள். அறுவடை எதுவோ அதைக் கொண்டுவருவது வழக்கம். அருள்மலர் எழுந்தபோது மேரிசெலின் அக்கா அவளுடைய கையைப் பிடித்து, “அப்பாடா, எனக்கு விடுதலை” என்றாள்.

ஒலிக்கருவியைப் பார்க்கும் அந்தோனிதாசன் மைக்கை அவளுடைய வாய்க்கு நேராக உயர்த்தி வைத்தான். ஐந்து மாதங்களாக எல்லாருக்கும் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி அவனுக்குப் பழகியிருந்தது. அவள் முதல் வசனத்தைத் தொடங்கியதும் ஒலிபெருக்கிப் பெட்டி கிரீச்சிட்டது. ஓடிப்போய்க் குறைத்தான். இரண்டாவது வசனத்தில் இன்னும் குறைத்தான். மூன்றாவதில் வயரையே பிடுங்கிவிட்டு, கைகட்டி, சுவரில் சாய்ந்து நின்றான்.

எங்கே இருந்தீர் என்று கேட்கும் வரிகள் அவை. அவள் அவற்றைக் கெஞ்சாமல் கேட்டாள். சொல்லுக்குச் சொல் நின்று, பதிலுக்கு இடம் விட்டுக் கேட்டாள். வன்னியில் யாரையும் இழக்காதவர் அந்த மண்டபத்தில் குறைவு. ஒருவரும் தலை குனியவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர், “கேள், பிள்ளை” என்றார். இன்னொருவர், “ஓம், கேள்” என்றார். முன்பக்கத் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்த டேனிஷ்காரர்கள் யன்னலருகில் நின்றார்கள். சொல் புரியாமலே தொப்பியைக் கழற்றினார் ஒருவர்.

பக்கத்தின் அடியில் அவள் நின்றாள். முடிந்துவிட்டது என்று நினைத்த பாஸ்டர் நன்றி சொல்ல எழுந்தார்.

அருள்மலர் பக்கத்தைப் புரட்டினாள்.

பாஸ்டர் மறுபடி உட்கார்ந்தார்.