நாடகத்தில் செத்த தண்டல்

என் அப்பா தோணித் தண்டல். ஆழம் பார்த்துத் தூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் பஞ்சுப்பொதி கொண்டுபோகும் தோணியில் அவர் சொன்னபடிதான் மற்றவர்கள் வேலை செய்வார்கள். எனக்கு நாலு வயதில், யார் தோணி முதலில் சரக்கு ஏற்றுவது என்று கரையில் வந்த சண்டையில் இன்னொரு தோணிக்காரர் துடுப்பால் அடித்து அப்பா இறந்துபோனார். அடித்தவருக்குத் தீவாந்திர சிட்சை. அந்தமானுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

உலக யுத்தம் முடிந்து கைதிகளைத் திருப்பி அனுப்பியபோது அவரும் ஊர் வந்து சேர்ந்தார். கொலைகாரன் என்று ஒருவரும் அவருக்கு வாடகைக்கு அறை தரவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம் உள்ளூர் நாடகக்காரர்கள் அவர் கதையை மேடையேற்றினார்கள். நாடகத்தில் அவர் தேசபக்தர். அவர் கொன்றது, வெள்ளைக்காரனுக்கு உளவு சொன்ன ஒரு தண்டலை.

அப்போது நான் பள்ளிக்கூட ஆசிரியை. அம்மாவோடு போயிருந்தேன். தண்டல் அடிபட்டு விழுந்ததும் கொட்டகையே கைதட்டியது. அம்மா எழுந்து வெளியே நடந்துவிட்டாள்.

அதன்பிறகு நாங்கள் தண்ணீருக்குப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுபோகும். "ஒங்களுக்கு இந்த வேலையே ஒரு தொரை சொல்லித்தான் கெடச்சுதாமே?" என்று கூட வேலை பார்க்கிற டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டாள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கே சந்தேகம் வந்ததுதான் கொடுமை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரத் துரை இருக்கும் சுங்க ஆபீசுக்குக் கிளம்பும் ஒரு காட்சி எனக்கு மங்கலாக நினைவிருந்தது.

"அப்பா அடிக்கடி சுங்க ஆபீசுக்குப் போவாகளே, எதுக்கும்மா?"

அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "தோணிக்கு லைசென்சு வாங்கத்தான். ஏளா, நீயுமா கேக்குத?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த மனிதரையே தேடிப் போனேன். நாடகத்துக்குப் பிறகு உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் அவருக்குக் காவல் வேலை கிடைத்திருந்தது. யார் மகள் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கப்பா உளவு சொன்னாரா?"

"இல்ல, டீச்சரம்மா. நான் குடிச்சிருந்தேன். அவரு தோணிதான் மொதல்ல வந்துது. நான் முந்தப் பாத்தேன், அவரு விடல. அம்புட்டுதான்."

"பிறகு நாடகத்துல?"

"நாடக வாத்தியார்ட்ட உள்ளதத்தான் சொன்னேன். இதப் பாக்க எவன் வருவான்னாரு. ஊரு என்னைய மனுசனா மதிக்கவும் நானும் வாய மூடிக்கிட்டேன்."

நம்புவதா என்று தெரியவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாரோ? "இதை எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனங்கள் மாதா கோயில் வாசலில் நிற்கும்போது அவர் வந்தார். என் அம்மாவின் முன்னால் நின்று உரக்கச் சொன்னார்: "இவுக வீட்டுக்காரரு எந்தத் தப்பும் செய்யல. குடிவெறியில நான்தான் அடிச்சுக் கொன்னேன். நாடகத்துல வாரது பொய்."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு பெரியவர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"காட்டிக்கொடுத்தவன் குடும்பத்தக்கூட மானத்தோட வாழவைக்க நெனைக்காரே! இவரல்லவா மனுசன்!"

அவர் மறுத்துத் தலையசைத்தார். அதையும் அடக்கம் என்றார்கள். அடுத்த வாரமே நாடகத்தில் அந்தக் காட்சியையும் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அம்மா காலில் தியாகி விழ, அம்மா அழுதுகொண்டே கணவன் செய்த துரோகத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாளாம்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு, "வேற ஊருக்குப் போயிருவோம்ளா" என்றாள்.

ஆறுமுகநேரிக்கு மாற்றல் வாங்கினேன். புதுப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, அப்பா எப்படி இறந்தார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த நாடகம் இங்கேயும் வந்திருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"காத்துல தோணி கவுந்துட்டுது, டீச்சர்" என்றேன்.