அண்ணனின் இத்தாலி கிளப்

இளநீலச் சட்டை போட்ட பதினோரு பேர் கொட்டும் மழையில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ரங்கூனில் அலோன் துறைமுகத்தை ஒட்டிய தேநீர்க் கடையின் தொலைக்காட்சியில், அந்த இத்தாலி கால்பந்து கிளப்பை என் அண்ணன் முதன்முதலாகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை மாலை அது. கடையில் இருந்தவர்களெல்லாம் பெரிய கிளப்புகளுக்குக் கைதட்டுகிறவர்கள். அண்ணன் மட்டும், பெயர்கூட வாயில் நுழையாத ஒரு சின்ன ஊர் கிளப்பைப் பிடித்துக்கொண்டார். கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய கூலிகள் ஆரம்பித்ததாம், யாரோ சொன்னார்களாம். அவருக்கு அது போதும். எங்கள் கிளப்பும் அப்படித்தான். தாத்தா காலத்தில் இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள், வேலை முடிந்து ஆடுவதற்காக, கோவில் அம்மன் பெயரில் தொடங்கியது. அண்ணன் அதற்குக் கோல்கீப்பர், பிறகு கேப்டன், முட்டி போனபின் செயலாளர்.

அந்த இத்தாலி கிளப் ஒரு வருடம் திவாலானது. எங்கிருந்தோ வந்த பணக்காரர் ஒருவர் அதை வாங்கிப் பெயரை மாற்றினார், சட்டையின் நிறத்தையும் மாற்றினார். ஊர்க்காரர்கள் ஒருவரும் மைதானத்துப் பக்கம் போகவில்லை. பழைய பெயரிலேயே புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கி, கடைசித் தட்டு லீக்கில், புல் முளைக்காத மைதானங்களில் ஆடினார்கள். காலியாகக் கிடந்த இருக்கைகளின் படத்தை அண்ணன் போனில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். பெயரை மாற்றியவனைத் திட்டித் தீர்த்தார். ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

இப்படி எங்கோ இருக்கும் ஊருக்காகப் பட்டினி கிடந்த மனிதரிடம்தான் சிமெண்ட் முதலாளி வந்தார். நகரின் நடுவே கியாக்டடாவில் அலுவலகம், அப்பா பர்மியர், அம்மா தமிழ். பூட்ஸ், சட்டை, பஸ் எல்லாம் தருவதாகவும், கிளப் மட்டும் தன் கம்பெனியின் பர்மியப் பெயரில் ஆட வேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் அன்றைக்கே தலையாட்டிவிட்டார். நான் வீட்டில் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகக் கைலியை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "பள்ளிக்கூடத்துல எனக்கு பர்மாப் பேரு, வீட்ல தமிழ்ப் பேரு. உனக்கும் அப்படித்தான். அதுக்காக நாம ரெண்டு ஆளாயிட்டமா? வெளிய ஒரு பேரு, உள்ள ஒரு பேரு. கிளப்பு எங்கடா போயிடும்?"

அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. ரங்கூன் தமிழர் வீடுகளில் எல்லாருக்கும் அப்படித்தானே இரண்டு பெயர். இந்தத் தவறை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. எங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட அம்மா இருந்தாள். கிளப்பை அதன் பழைய பெயரில் யார் கூப்பிடுவது என்று அண்ணனும் யோசிக்கவில்லை, அவரைத் திட்டிய நானும் யோசிக்கவில்லை.

முன்பெல்லாம் ஆட்டத்துக்குப் போகும்போது அம்மன் கோவில் வாசலில் தேங்காய் உடைத்து, கிளப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டுத்தான் கிளம்புவார்கள். முதலாளியின் பஸ் கியாக்டடாவிலிருந்து நேராக மைதானத்துக்குப் போனது. தேங்காய் நின்றது, கத்துவதும் நின்றது. வேறு பேட்டைகளிலிருந்து புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பிறகு ஒருநாள், ஆற்றுக்கு அப்பால் த்வாண்டேயில் தனக்கு நிலம் இருக்கிறதென்று முதலாளி கிளப்பையே அங்கே கொண்டுபோய்விட்டார். அண்ணன் அவரது அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். முதலாளி மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்து, பழைய பெயரை நான் தொடவே இல்லையே, அது உங்களுடையதுதான், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அண்ணன் அதை நியாயம் என்று நம்பி வீட்டுக்கு வந்தார். அவரது வெகுளித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் அலோன் இளைஞர்களைக் கூட்டி, பழைய பெயரில் மறுபடி ஆடலாம் என்று சொன்னார். கிளப்பின் பெயரை அழுத்திச் சொன்னார். அவர்கள் பர்மிய மொழியில் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அண்ணனுடன் ஆடிய பழைய ஆட்டக்காரரின் மகன்தான் கடைசியில் தமிழில் கேட்டான்: "அது எந்த டீமு, பெரியப்பா?" கிண்டல் இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

போன மாதம் அந்த இத்தாலி கிளப் தட்டுத் தட்டாக ஏறி, பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அந்த ஊர்த் தெருவெல்லாம் இளநீலக் கொடி. அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவங்களால மட்டும் எப்படிண்ணே முடிஞ்சுது?" என்றேன். வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

போனை அணைத்தார்.

"அவனுங்களுக்கு இருந்தது ஒரே பேருடா."

முதலாளிக்குத் தலையாட்டிய அன்றைக்கே இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.